மடியில் வைத்த கை

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட கூத்தை முதலில் கேட்டுக்கொள். உன் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. கடத்தூர் மண்டபத்தில் கறிச்சோறு. பெரியவர் என்று முதல் பந்தியிலேயே இடம் போட்டு உட்கார வைத்தார்கள். இலை விழுந்தது, தண்ணீர் தெளித்துத் துடைத்தேன், சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, கறியும் விழுந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பிசைந்து வாயில் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கடைசி இலை வரைக்கும் பரிமாறி முடியட்டும் என்று காத்திருக்கிறேன். எல்லாம் நீ கொடுத்த ட்ரெயினிங். "எல்லாருக்கும் சர்வ் பண்ற வரைக்கும் கை மடியிலதாம்பா இருக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னாயே, அது மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

நம் பக்கத்தில் இலைக்கு முன்னால் ஒருத்தன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ மனத்தாங்கல். அதைத் தீர்க்காமல் சோற்றைத் தொட மாட்டான். கறி வாளியோடு வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த நிமிஷம் உன் சித்தப்பா இடுப்பில் துண்டோடு ஓடி வருகிறான். "அண்ணா, என்னாங்கண்ணா இது? பத்திரிகைல உங்க பேர கீழ போட்டது அந்த அச்சாபீஸ்காரன் பண்ணுன வேலைங்கண்ணா. நான் மேலதான் எழுதிக் குடுத்தேன், சாமி சத்தியமா!" அவன் சொல்லும் வரைக்கும் என் பேர் கீழே இருந்ததே எனக்குத் தெரியாது. அவனுக்குப் பின்னாலேயே அவன் பெண்டாட்டி. "மாமா, அக்காவுக்கு எடுத்த சீலைதான மாமா? எங்களுக்கும் அதே கடைலதான் மாமா எடுத்தது." அதுவும் எனக்குத் தெரியாத சங்கதி. இன்னும் கொஞ்ச நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால், சொந்தக்காரர்கள் நமக்குச் செய்த துரோகம் அத்தனையும் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். "ஒண்ணுமில்லப்பா, மேனர்ஸ்" என்றேன். யார் நம்புவார்கள்? உன் சித்தப்பா என் வலது கையைப் பிடித்துத் தூக்கி இலையில் சோற்றின் மேல் வைத்து, "சாப்புடுங்கண்ணா, உங்களுக்கு நான் அப்புறம் பதில் சொல்றேன்" என்றான். பந்தி மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் மறுபடி இலையில் கை வைத்தார்கள். எந்தப் பெரிய மனுஷனுக்கும் கடத்தூரில் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

போனில் சொன்னால் நீ "மீட்டிங்ல இருக்கேம்பா" என்பாய். வாட்ஸப்பில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வரும். அதனால்தான் கடிதம். பாதியில் கட் பண்ண முடியாது பார்.

இந்த ட்ரெயினிங் எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார். நீயே பார்த்து வைத்த பெண் நிவேதா. பெங்களூர்ப் பெண், கன்னடம் பேசுகிற குடும்பம், அப்பா பெரிய கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. சம்மதம் என்ற மறு நிமிஷம் உன் கவலை எல்லாம் எங்கள் வாயைப் பற்றியும் கையைப் பற்றியும் ஆகிவிட்டது. பெண் வீட்டார் பெரிய ஓட்டலில் மதிய விருந்து வைக்கிறார்கள், டேபிளில் எல்லாம் ஒரு முறைப்படிதான் நடக்கும், அம்மாவும் நீங்களும் ப்ரிப்பேர் ஆகணும் என்றாய். அன்றிலிருந்து தினமும் ஒரு வீடியோ. முள்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில். வெளிப்பக்கம் இருக்கிற கரண்டியை முதலில் எடுக்க வேண்டும். சூப்பை நம் பக்கமாக அள்ளக் கூடாதாம், எதிர்ப்பக்கமாகத் தள்ளி அள்ள வேண்டுமாம். பசிக்கிறவன் எவனாவது சாப்பாட்டைத் தள்ளிவிடுவானா? ஏப்பம் கூடாது. உறிஞ்சக் கூடாது. உப்பு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் கையை நீட்டக் கூடாது, "குட் யூ ப்ளீஸ் பாஸ் த சால்ட்" என்று கேட்டு வாங்க வேண்டும். நம் வீட்டில் உன் அம்மாவிடம் ஒருநாள் அப்படிக் கேட்டேன். "கை என்னா சுளுக்கிக்கிச்சா?" என்றாள்.

நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும். ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தில் கோட்டை விட்டவன், இன்றைக்கு மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காயில், பேரிங், பேஸ், லோடு, ட்ரிப், இதுதான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். "முதல்ல ஸ்டார்ட்டர் வரும்பா" என்று நீ சொன்னபோது, ஓட்டலில் எதற்கு மோட்டார் சுவிட்ச் என்றுதான் எனக்கு மனசில் ஓடியது. ஃபோர்க் வாங்கத் தருமபுரி பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னா, வைண்டிங் கடைய மூடிட்டு ஓட்டல் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். மகனுக்காக என்றேன். "பையன் எந்த ஊர்ல சாப்பாடு இல்லாம இருக்கறான்?" என்று சீரியஸாகவே விசாரித்தார். வாங்கி வந்ததை வைத்து எதைப் பழகுவது? அன்றைக்கு வீட்டில் களி. களியில் ஃபோர்க்கைக் குத்தினேன். நட்ட கம்பம் மாதிரி நின்றது. எடுக்கவும் வரவில்லை. மெல்லாமல் முழுங்குகிற சாப்பாட்டை முள்ளால் குத்தித் தின்கிற கொடுமையை நம் வீட்டில் அன்றுதான் பார்த்தேன்.

உன் அம்மாவை மட்டும் குறைத்து எடை போடாதே. அவள் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு சமைத்தபடியே வீடியோ பார்ப்பாள். தோசையைக் கத்தியால் வெட்டி, ஃபோர்க்கால் எடுத்து, சத்தம் வராமல் சாப்பிடப் பழகிவிட்டாள். நாப்கினுக்குப் பதிலாக அடுப்புத் துணியை மடித்து மடியில் போட்டுக்கொள்வாள். நடுவில் ஒருநாள் உன்னிடம் ஆசையாகக் கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "ஏன் கண்ணு, அவங்க கன்னடக்காரங்கதான? எங்கப்பா வூட்டுப் பக்கமெல்லாம் அந்தப் பேச்சுதான். நானே பேசிக்கிறனே." அதற்கு நீ, "ஐயோ அம்மா, உன்து ஆடு மேய்க்கிற கன்னடம். அங்க போயி அத எடுத்து விட்டுறாத" என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

விட்டுவிட்டு அவள் என்ன செய்தாள் என்பது உனக்குத் தெரியாது. எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் போய், தனக்கென்று ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் கேட்டு வாங்கி வந்தாள். உப்பு, தண்ணீர், நாப்கின் எதுவும் அதில் கிடையாது. "ஃப்ரம் டுடே, யுவர் டாட்டர் இஸ் அவர் டாட்டர்." விருந்து முடிகிற நேரத்தில் நிவேதாவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று அவளுக்கு. தண்ணீர் பிடிக்கும்போது சொல்வாள், மாட்டுக்குத் தீனி போடும்போது சொல்வாள். "டாட்டர்ல ட்ட அழுத்தணுமா, வேண்டாமாங்க?" என்று என்னைக் கேட்பாள். நான் பெரிய துரை பார். "லைட்டா அழுத்து" என்பேன்.

விருந்து நாள் வந்தது. ஓட்டல் வாசலில் தலைப்பாகையும் பெரிய மீசையுமாக ஒருத்தர் கதவைத் திறந்துவிட்டார். உன் அம்மா அவரைக் கும்பிட்டு, "வெயில்ல நிக்கறீங்களே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். நம் ஊரில் தபால்காரரைக் கேட்பதில்லையா, கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக் கேட்பதில்லையா, அது மாதிரிதான். அந்த மனுஷன் முகம் மலர்ந்து பதில் சொல்ல வாயெடுத்தார். நீ அவள் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். "அம்மா, இங்க யார்கிட்டயும் நீ ஒண்ணும் பேச வேணாம். சிரிச்சிக்கிட்டு உக்காரு, அது போதும்." எனக்குப் பின்னால்தான் நீங்கள் நின்றீர்கள். நான் லிப்ட் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேபிளில் என் கதையை நீயே பார்த்தாய். தண்ணீர் குடிக்கலாம் என்று கத்தியையும் ஃபோர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தேன். அப்படி வைத்தால் முடிந்தது என்று அர்த்தமாம். தண்ணீர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முக்கால் தட்டுச் சாப்பாடு போய்விட்டது. அடுத்து இறாலோடு வந்தவர் குனிந்து, "சம் மோர், சார்?" என்றார். நான் "நோ, தேங்க்யூ" என்றேன். நம் பழக்கத்தில் "போதும்" என்று கையை இலை மேல் விரித்தால், பரிமாறுகிறவர் விரல் சந்து வழியாகவே ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். வேண்டாம் என்பது நம் மரியாதை, விடாமல் போடுவது அவர் மரியாதை. இவர் என்னடா என்றால் ஒரே வார்த்தையில் நம்பி, தலையைக் குனிந்துவிட்டு, இறாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாமனார் என்னவோ மழையைப் பற்றிக் கேட்டார். எனக்கு இறால்தான் கண்ணில் நின்றது.

ஆனால் உன் அம்மாவைப் பார்த்தாயா? நாப்கின் மடியில். அதன் மேல் இரண்டு கையும். முகத்தில் சிரிப்பு. சூப் வந்தது, போனது. மீன் வந்தது, போனது. தோசையை வெட்டிப் பழகிய கை அது. கத்தியைத் தொடவே இல்லை. நிவேதா பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, பிடிக்கலையா? வேற ஏதாவது சொல்லட்டுமா?" என்று தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டாள். உன் அம்மா உன்னைப் பார்த்தாள். நீ முந்திக்கொண்டு, "ஷீ ஈட்ஸ் வெரி லிட்டில்" என்றாய். தட்டு எடுக்க வந்தவர்கூடக் குனிந்து மெதுவாக, "ஊட்டா மாடி அம்மா" என்றார். சாப்பிடுங்கள் அம்மா என்று, அவள் பிறந்த வீட்டுப் பேச்சிலேயே. அவளுக்கு வாய் லேசாகத் திறந்தது. மூடிக்கொண்டு, அதே சிரிப்பு. நிவேதாவின் அம்மா விடைபெறும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அதுதான் நேரம். இவள் உன் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நீ எங்களை பஸ் ஏற்றிவிடும்போது சந்தோஷத்தில் மிதந்தாய். "அப்பா, நீங்கதான் அங்கங்க சொதப்பிட்டீங்க. அம்மா பெர்ஃபெக்ட்!" என்றாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தவள் ஓசூர் தாண்டியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பசி காதை அடைத்தது. கிருஷ்ணகிரியில் இறங்கி ஒரு தள்ளுவண்டியில் இட்லி சொன்னேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டு, வண்டிக்காரரின் சட்னி வாளியைப் பார்த்தபடி, "ஃப்ரம் டுடே, யுவர் டாட்டர் இஸ் அவர் டாட்டர்" என்றாள். ஒரு பிசிறு இல்லை. ட்ட லேசாக அழுத்தி, அவ்வளவு சுத்தம். வண்டிக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, இன்னுங் கொஞ்சம் சட்னி ஊத்து" என்றாள். நான் இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அதற்கப்புறமும் நான் சும்மாதான் இருந்தேன். பெண்பிள்ளை கோபம், இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். நீயோ ரிசப்ஷன் டின்னரும் அதே மாதிரி டேபிள் போட்டுத்தான் என்று சொல்லி, 'பார்ட் டூ' என்று எனக்கு மறுபடியும் வீடியோ அனுப்ப ஆரம்பித்தாய். கீழே ஒரு வரி வேறு. "அம்மாவுக்கு ட்ரெயினிங் தேவையில்ல. அன்னைக்கு மாதிரியே உக்காந்தா போதும்." அதைப் படித்துக் காட்டச் சொல்லி அவளே கேட்டாள். படித்தேன். அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே, "தாலி கட்றப்ப வரேங்க. அந்த ரிசப்ஷனுக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு முட்டி வலி" என்றாள். அந்த முட்டி காலையில்தான் வேப்பமரத்தடியிலிருந்து சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த முட்டி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வா. காதுகுத்தில் எனக்குச் சமாதானம் சொல்ல ஆள் மேல் ஆள் ஓடி வந்தபோது, எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "உங்களுக்கு எத்தன பேரு ஓடி வந்தாங்க, பாத்தீங்களா?" அவ்வளவுதான். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் பாதை தெரியவில்லை. நான் சும்மா மறதியில் கையை மடியில் வைத்தேன், ஊரே பதறியது. அவள் மனசறிந்து வைத்தாள். பெற்ற மகனும் கட்டிய புருஷனும் பக்கத்திலேயே உட்கார்ந்து அதற்கு மேனர்ஸ் என்று பேர் வைத்துவிட்டோம்.

உனக்கு இந்த பாஷை தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. சின்ன வயதில் இந்த வித்தையில் நீதான் கெட்டிக்காரன். ஒகேனக்கல்லில் பரிசல் ஏற்ற மாட்டேன் என்று நான் சொன்னதற்கு, வறுத்த மீனை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகி உட்கார்ந்திருந்தாய். ஊரான் எல்லாம் வேடிக்கை பார்க்கிறான் என்று எனக்குக் கோபம். உன் அம்மாதான் உன் கையை இழுத்து எடுத்து, முள் எடுத்த மீன் மேல் வைத்து, "சாப்புடு சாமி, அப்பன ஆத்துல தள்ளிட்டு நாம போலாம்" என்றாள். நீ சிரித்துச் சாப்பிட்டாய். எனக்கு இன்றைக்கும் அந்தப் பரிசல் மேல் சந்தேகம்தான்.

நான் உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்குப் படித்தவன் இல்லை. ஃபோர்க்கும் கத்தியும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். நாலு இடத்துக்குப் போகிறவன் நாலு பழக்கமும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பார்ட் டூ அனுப்பு, நான் பார்க்கிறேன். இறாலை இரண்டாம் தடவை கோட்டை விட எனக்கும் மனசில்லை. ஆனால் அதற்கு முன்னால் லீவு போட்டுவிட்டு ஒரு நாள் வீட்டுக்கு வா. நிவேதாவையும் கூட்டி வந்தாலும் சரி. வந்து "ஸாரிம்மா" என்று இங்கிலீஷில் கொட்டாதே, அது அவளுக்குச் சரிப்படாது. சோறு போடும் நேரமாகப் பார்த்து வந்து உட்கார். என்ன செய்ய வேண்டும் என்பது உனக்கே தெரியும். கடத்தூரில் உன் சித்தப்பா, எதற்கென்றே தெரியாமல், எனக்குச் செய்தான்.

நேற்று மத்தியானம் போன் பண்ணினாய். பூ டெக்கரேஷனைப் பற்றி என்னென்னவோ சொன்னாய். கடைசியில், "அம்மா எங்கப்பா? குடுங்க" என்றாய். "மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போயிருக்கா, வந்ததும் சொல்றேன்" என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய்.

தோட்டத்துக்குப் போகவில்லை. எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டில் களி ஆறிக்கொண்டிருந்தது. உன் பேச்சு முழுவதையும் கேட்டாள். இரண்டு கையும் மடியில் இருந்தது.